பாஸ்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறது? நிர்வாகத்துறை பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டில் யாரிடமாவது பாஸ்போர்ட் இருந்தால் பீரோவிலிருந்து எடுத்து, முன் அட்டையைத் திறந்து, உள்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் அது கேட்கிறது. கீழே 'குடியரசுத் தலைவரின் ஆணைப்படி' என்று முடியும்.

குடியரசுத் தலைவர் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்ததே இல்லை. பிரதமரும் பார்க்கவில்லை, வெளியுறவு அமைச்சரும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வரி பொய் இல்லை. அது எப்படிப் பொய் இல்லை என்று புரிந்துவிட்டால், நிர்வாகத்துறை என்பது முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் 'கவர்ன்மென்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். பாஸ்போர்ட் தாமதமானால் எம்.பி.யைத் திட்டுகிறோம். தேர்தல் ஆணையத்தை ஒன்றிய அரசின் ஒரு துறை என்று நினைக்கிறோம். 'பிரதமர் சட்டம் போட்டார்' என்கிறோம். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாத கோபம் எந்த மேஜைக்கும் போய்ச் சேருவதில்லை.

திருவிழாவில் மூன்று வேலைகள்

ஊர்த் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். முதலில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். எத்தனை நாள் விழா, தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று முடிவாகும். அப்புறம் விழாக் கமிட்டி வேலையில் இறங்கும். வரி வசூல், பந்தல்காரருக்கு முன்பணம், மைக் செட், அன்னதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடுவில் 'என் வீட்டுக்கு ரெண்டு தடவை வரி வாங்கிட்டாங்க' என்று ஒருவர் வந்தால், இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பெரியவர்கள் இருப்பார்கள்.

முடிவெடுப்பது, நடத்துவது, வழக்கு தீர்ப்பது. ஒரு நாட்டிலும் இந்த மூன்று வேலைகள்தான். சட்டம் இயற்றி, பணச் செலவுக்கு ஒப்புதல் கொடுப்பது சட்டமன்றத்துறை; ஒன்றிய அளவில் அது நாடாளுமன்றம். சட்டத்தையும் கொள்கையையும் அன்றாடம் நடத்திக்காட்டுவது நிர்வாகத்துறை. சட்டப்படி நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வது நீதித்துறை.

ஆனால் நிர்வாகத்துறை வெறும் ஏவல் வேலைக்காரர் இல்லை. ஊர்க்கூட்டம் சொல்லாத நூறு விஷயங்களைக் கமிட்டிதான் முடிவுசெய்யும். மழை வந்தால் பந்தலை எங்கே மாற்றுவது என்பதற்கெல்லாம் கூட்டம் போட முடியாது. 1955-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. பள்ளிப் பாடநூல்களைத் தானே வெளியிட ஆரம்பித்தது பஞ்சாப் அரசு. இதற்கென்று சட்டமே இல்லையே என்று பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அரசு செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் முன்கூட்டியே ஒரு சட்டம் இருக்க வேண்டியதில்லை, சட்டம் இயற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் பொதுவாக நிர்வாகப் பணி என்றது நீதிமன்றம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: யாருடைய உரிமையிலாவது கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கதையில் அது திரும்ப வரும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நடத்துகிற வேலை நிர்வாகத்துறையுடையது. சொன்னதை மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதையும் அது பார்த்துக்கொள்கிறது.

பத்திரிகையில் தாத்தா பெயர்

கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் என்று தாத்தா பெயர் இருக்கும். மண்டபம் பிடித்தது, சமையல்காரரிடம் பேசியது, பணம் புரட்டியது எல்லாம் அப்பா. அதற்காகத் தாத்தா பெயர் போட்டது பொய் என்று யாரும் சொல்வதில்லை. குடும்பத்தின் பெயரால் அழைப்பது ஒன்று, ஓடியாடி நடத்துவது வேறொன்று.

அரசியலமைப்பின் 53-வது பிரிவு ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. 77-வது பிரிவு, ஒன்றிய அரசின் எல்லா நிர்வாக நடவடிக்கைகளும் அவர் பெயரால்தான் எடுக்கப்பட வேண்டும் என்கிறது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் அவர் பெயர் வரும் மரபும் இந்த ஏற்பாட்டோடு ஒத்துப்போவதுதான். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலங்களிலும் டெல்லி, புதுச்சேரியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களும்.

ஆனால் 74-வது பிரிவு, அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமர் தலைமையில் அமைச்சர் குழு இருக்க வேண்டும் என்கிறது. 'ஆலோசனை' என்ற சொல்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நாம் சாதாரணமாகச் சொல்லும் யோசனை இல்லை இது. 1976-ல் வந்த 42-வது திருத்தம், இந்த ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் நடந்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் ஒரு சிறு இடம் கொடுத்தது: 'இன்னொரு தடவை யோசியுங்கள்' என்று அவர் திருப்பி அனுப்பலாம். அமைச்சர் குழு மறுபடி யோசித்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிறு இடத்துக்கு மதிப்பே இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்தானே என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அந்த முடிவைக் கைவிட்டது. மறுபடி அனுப்பியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு தடவை நின்று யோசித்ததில் ஒரு மாநில அரசு பிழைத்தது.

சுருக்கமாக, பெயர் குடியரசுத் தலைவருடையது, முடிவு அமைச்சர் குழுவுடையது. இடையில் ஒரே ஒரு முறை 'நில்லுங்கள்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

பிரதமர், அமைச்சர் குழு, அமைச்சரவை

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லா அமைச்சர்களும் சேர்ந்தது அமைச்சர் குழு. அதில் கேபினட் அமைச்சர்கள், தனிப்பொறுப்புடைய இணை அமைச்சர்கள், இணை அமைச்சர்கள் என்று மூன்று படி உண்டு. முதல் படியில் இருப்பவர்கள் மட்டும் கூடுவது அமைச்சரவை, அதாவது கேபினட். பெரிய முடிவுகள் இந்தச் சின்ன வட்டத்தில்தான் நடக்கின்றன. பிரதமரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2003-ல் 91-வது திருத்தம் வரம்பு போட்டது. 543 பேர் உள்ள அவைக்கு அது 81.

நாடாளுமன்றத்தில் இல்லாத ஒருவரும் அமைச்சராகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும், இல்லையென்றால் பதவி போய்விடும். நம் ஏற்பாட்டில் விழாக் கமிட்டிக்காரர்கள் ஊர்க்கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே அமைச்சர் பொறுப்பில் இருப்பவர் காங்கிரஸில், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தில், உறுப்பினராக இருக்க முடியாது. அதிபரின் பதவிக்காலமும் காங்கிரஸின் நம்பிக்கையில் தொங்குவதில்லை. இங்கே தொங்குகிறது. அமைச்சர் குழு மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 75-வது பிரிவு. ஒருவர் எடுத்த முடிவுக்கு எல்லாரும் பொறுப்பு, அவையின் நம்பிக்கை போனால் எல்லாரும் வெளியே. 1999-ல் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு ஏப்ரல் 17-ம் தேதி வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் மொத்த அமைச்சர் குழுவும் பதவி இழந்தது.

பிரதமரை அரசியலமைப்பு 'எல்லா அதிகாரமும் உடையவர்' என்று எங்கேயும் எழுதவில்லை. அமைச்சர்களைத் தேர்வுசெய்வது, இலாகா பிரிப்பது, அமைச்சரவையைக் கூட்டுவது, குடியரசுத் தலைவருக்குத் தகவல் சொல்வது எல்லாம் அவர் வழியாக நடப்பதால் அந்த இடத்துக்கு வலிமை சேர்கிறது. அந்த வலிமை அமைச்சரவையையே விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975 ஜூன் 25 இரவு இருக்கிறது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பிரதமர் இந்திரா காந்தியின் கடிதத்தின் பேரில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது அன்றிரவே கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடவில்லை. மறுநாள் விடியற்காலையில் அமைச்சர்களை அழைத்து, முடிந்துபோன காரியத்துக்கு ஒப்புதல் வாங்கினார்கள். அதற்குள் தலைவர்கள் பலர் கைதாகியிருந்தார்கள்.

இதை மனதில் வைத்துத்தான் 1978 திருத்தத்தில் 352-வது பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள்: அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யக் கூடாது. 'அமைச்சரவை' என்ற சொல் அரசியலமைப்புக்குள் நுழைந்ததே அந்த வரி வழியாகத்தான். கூடி உட்கார்ந்து பேசி எழுதுவது என்கிற சாதாரண நடைமுறைக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

தேர்தலில் நிற்காதவர்கள்

சரி, அமைச்சர்கள் 81 பேருக்குள். பாஸ்போர்ட்டை யார் கொடுக்கிறார்கள்?

என் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது பாஸ்போர்ட் சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ-யில் போட்டோவும் கைரேகையும் எடுத்தார்கள். அது ஒப்பந்தத் தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள் பார்க்கும் வேலை. பி-யில் அரசு அலுவலர் சான்றுகளைச் சரிபார்த்தார். சி-யில் பாஸ்போர்ட் வழங்க ஒப்புதல் தரும் அலுவலர். முப்பது வயதுக்குள்தான் இருப்பார். ஆதாரில் தாத்தா பெயர் ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். 'அம்மா, எந்த எழுத்து உங்க அப்பா போடுறது?' என்று கேட்டார். அம்மா சொன்னார். தட்டச்சு செய்து ஒரு விசையை அழுத்தினார். அவ்வளவுதான்.

அந்த நிமிடத்தில் இந்தியக் குடியரசின் நிர்வாக அதிகாரம் அந்த விரலில் இருந்தது. அவருக்கு மேலே மண்டலப் பாஸ்போர்ட் அலுவலர். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. அவருக்கு மேலே டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் இணைச் செயலர் நிலையில் தலைமைப் பாஸ்போர்ட் அலுவலர், அவருக்கு மேலே செயலர், அதற்கும் மேலே அமைச்சர். அமைச்சர் வரைக்கும் தேர்தலோடு வந்து போகிறவர்கள் அரசியல் நிர்வாகம். செயலரிலிருந்து சி கவுண்டர் வரை உள்ளவர்கள் நிரந்தர நிர்வாகம். ஆட்சி மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. விசாரித்து, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் இவர்களை நீக்க முடியும் என்று 311-வது பிரிவு குடிமைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது.

இரண்டு பேருக்கும் இடையில் ஓடுவது கோப்பு. பிரிவில் உள்ளவர் முதல் குறிப்பை எழுதுவார்: விஷயம் இது, விதி இப்படி, முன்பு இப்படிச் செய்திருக்கிறோம். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று ஏறும். ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இப்போது கணினித் திரையில் ஓடினாலும் முறை அதேதான். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது உண்மை. யார் என்ன சொன்னார் என்பது அழியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால், அந்தக் கோப்புக் குறிப்புகளைக்கூடக் கேட்கலாம்.

அதிகாரி தப்புச் செய்தால் அமைச்சர் 'எனக்குத் தெரியாது' என்று நகர்ந்துவிடலாமா? 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. மக்களவையில் ஃபெரோஸ் காந்தி அதைக் கிளப்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா விசாரித்தார். தன் ஒப்புதல் இல்லாமல் செயலர் செய்தது என்பது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் வாதம். செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அதற்கு முன்பே 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகியிருந்தார். தண்டவாளத்தை அரித்த வெள்ளத்தை அவர் கொண்டுவரவில்லை. துறை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார்.

சட்டம் ஒன்று, விதி இன்னொன்று

நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டம் பெரும்பாலும் எலும்புக்கூடுதான். விண்ணப்பம் எந்தப் படிவத்தில், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் நிர்வாகத்துறை எழுதும் விதிகளில் வரும். பாஸ்போர்ட் சட்டம் 1967-ல் வந்தது. இன்று நடைமுறையில் உள்ள பாஸ்போர்ட் விதிகள் 1980-ல் வந்தவை. விதி எழுதும் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது 2019 டிசம்பரில், அதன் விதிகள் அறிவிக்கப்பட்டது 2024 மார்ச்சில். நாலு வருஷத்துக்கு மேல் சட்டம் புத்தகத்தில் இருந்தது, விண்ணப்பிக்க வழி இல்லை. ஆகவே 'சட்டம் பாஸ் ஆயிடுச்சு' என்று செய்தி வந்தால், விதிகள் வந்துவிட்டனவா என்று அடுத்து பார்ப்பது நல்லது.

நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அவசரச் சட்டம் பிறப்பிக்கவும் வழி உண்டு. அவை கூடியதிலிருந்து 6 வாரத்துக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும்.

மூன்று கயிறுகள்

நிர்வாகத்துறையைப் பிடித்துக் கட்டியிருக்கும் கயிறுகளில் ஒன்று பணம். நாடாளுமன்றம் சட்டப்படி ஒதுக்காமல், அரசின் வருமானம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. செலவான பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குப் பார்ப்பார். திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதைப் போல. இன்னொன்று கேள்வி. அவையின் கேள்வி நேரத்தில் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது சட்டம், அதைக் கையில் வைத்திருக்கும் நீதிமன்றம்.

முன்பே சொன்ன பாஸ்போர்ட் கதை இந்த மூன்றாவது கயிற்றில் இருக்கிறது. 1967 வரை பாஸ்போர்ட் வழங்குவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கிடையாது. அரசு விரும்பினால் கொடுக்கும், விரும்பாவிட்டால் மறுக்கும். இப்படிப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்ட ஓர் அலுவலரை எதிர்த்து ஒரு வணிகர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு போய்வருவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்று 1967 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. உடனே அவசரச் சட்டம், ஜூனில் பாஸ்போர்ட் சட்டம். 10 வருஷம் கழித்து, மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கிவைத்தது. காரணம் கேட்டதற்கு, பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்று பதில். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், அந்த மனிதரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1978 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பாஸ்போர்ட்டைத் தாண்டி இன்று எத்தனையோ வழக்குகளில் சாதாரண மனிதர்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எந்த வாசல் யாருடையது

தேர்தல் ஆணையமும் தணிக்கையாளரும் எந்த அமைச்சரின் கீழும் வருவதில்லை. அரசியலமைப்பே அவற்றைத் தனியாக நிறுத்தியிருக்கிறது. எம்.பி. அமைச்சராக இல்லாத வரை நிர்வாகத்துறை ஆள் இல்லை. அவர் வேலை சட்டம் இயற்றுவதும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதும்.

அப்புறம் போலீஸ் விசாரணை. பாஸ்போர்ட் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, காவல்துறை மாநிலப் பட்டியலில். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் காவலர் மாநில நிர்வாகத்தின் ஆள். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு அரசுகள் கை வைக்கின்றன. மாநிலத்திலும் ஏற்பாடு இதே அச்சுதான்: பெயர் ஆளுநருடையது, முடிவு முதலமைச்சர் தலைமையிலான அமைச்சரவையுடையது. தண்டனைக் குறைப்பில் அமைச்சரவையின் ஆலோசனைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்று 2022-ல் பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கலாம். ஆகவே, காவல்நிலையத்தில் நிற்கும் விண்ணப்பத்துக்கு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகும் நின்றால்தான் பாஸ்போர்ட் அலுவலகம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யும் கடமை சட்டப்படி அவர்களுக்கு இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது.

அம்மாவின் பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. உள்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். 'எனக்காக ஜனாதிபதியா கேட்குறாரு?' என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அப்போ எங்க அப்பா பேரைச் சரியா கேட்டு எழுதின அந்தத் தம்பி?' என்றார். அந்த ஜனாதிபதிக்காகத்தான் அந்தத் தம்பி அங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன்.